வீடியோவில் டாக்டர், கையில் மெடிக்கல் சர்டிபிகேட்



மஹல்லா மக்கள் சமீப காலமாக நம் அறக்கட்டளை அலுவலகத்தில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "வீடியோ காலில் டாக்டரைப் பார்த்து மெடிக்கல் சர்டிபிகேட் வாங்கினால் ஸ்கூலில், கம்பெனியில் ஏற்றுக்கொள்வார்களா?" கேட்பவர்களில் பெரும்பாலோர் தாய்மார்கள். அடுத்தபடியாக ஷூ கம்பெனியிலும் துணிக்கடையிலும் வேலை பார்க்கும் இளைஞர்கள். இதையே கொஞ்சம் தயங்கி வேறு விதமாகக் கேட்பவர்களும் உண்டு: "அப்படி வாங்குவது மார்க்கத்தில் கூடுமா?"

இரண்டு கேள்விகளுக்கும் பதில் ஒரே இடத்திலிருந்து தொடங்குகிறது. மருத்துவச் சான்று என்பது ஒரு சாட்சியம். 'இவரை நான் பார்த்தேன், இவருக்கு இந்த நோய் இருக்கிறது, இத்தனை நாள் ஓய்வு வேண்டும்' என்று ஒரு மனிதர் தன் பெயரையும் பதிவு எண்ணையும் போட்டுச் சாட்சி சொல்கிறார். நேரில் பார்த்தாரா, வீடியோவில் பார்த்தாரா என்பது அடுத்த விஷயம். உண்மையில் பார்த்தாரா, பார்த்ததை மட்டும் எழுதினாரா என்பதே முதல் விஷயம்.

சட்டம் என்ன சொல்கிறது?

வீடியோவில் மருத்துவம் பார்ப்பது ஏதோ மறைமுகமான வழி என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 2020 மார்ச் 25 அன்று, நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கிய அதே நாளில், தொலை மருத்துவ வழிகாட்டு நெறிமுறைகள் வெளியாயின. மருத்துவர்களின் நடத்தை பற்றிய 2002ஆம் ஆண்டு விதிகளோடு அவை ஓர் இணைப்பாகச் சேர்க்கப்பட்டன. பதிவு பெற்ற ஆங்கில மருத்துவர் வீடியோ மூலமாகவோ, போன் பேச்சு மூலமாகவோ, எழுத்துச் செய்தி மூலமாகவோ நோயாளிக்கு ஆலோசனை சொல்லலாம், மருந்து எழுதலாம். டாக்டர் தான் யார் என்று சொல்ல வேண்டும். நோயாளி யார் என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். மருந்துச் சீட்டில் அவருடைய பதிவு எண் இருக்க வேண்டும். சிறு பிள்ளையாக இருந்தால் பெரியவர் ஒருவர் கூட இருந்தால்தான் பார்க்கலாம். எந்தக் கட்டத்திலும் "இது போனில் ஆகாது, நேரில் வாருங்கள்" என்று சொல்லும் உரிமையும் பொறுப்பும் டாக்டருக்கு உண்டு. தூக்க மாத்திரை, போதை தரும் வலி மருந்து போன்றவற்றை இப்படி எழுதித் தர முடியாது.

லீவுக்கான சான்று எப்படி இருக்க வேண்டும் என்பதும் அந்த 2002 விதிகளிலேயே இருக்கிறது. அதன் படிவத்தில் நோயாளியின் கையெழுத்து அல்லது கைநாட்டு கேட்கப்படுகிறது. உடலில் உள்ள அடையாளக் குறி, நோயின் பெயர், எந்தத் தேதியிலிருந்து எத்தனை நாள் ஓய்வு என்பது, டாக்டரின் கையெழுத்து, பதிவு எண் எல்லாம் வேண்டும். டாக்டர் தான் கொடுக்கும் சான்றுகளுக்கு ஒரு பதிவேடு வைத்து, நகலும் வைத்துக்கொள்ள வேண்டும். பொய்யான அல்லது தவறாக வழிநடத்தும் சான்றில் கையெழுத்திட்டால் மருத்துவப் பதிவேட்டிலிருந்து அவர் பெயரையே நீக்க முடியும்.

கையெழுத்தை டாக்டர் முன்னிலையில் போட வேண்டும் என்று படிவம் எதிர்பார்க்கிறது. வீடியோவில் அது சரிவர நடப்பதில்லை. பெரிய நிறுவனங்களும் அரசு அலுவலகங்களும் வீடியோ சான்றைப் பார்த்ததும் யோசிப்பதற்கு இது ஒரு காரணம். எனவே 'செல்லும்', 'செல்லாது' என்று ஒரே வார்த்தையில் நாங்கள் சொல்வதில்லை. ஓரிரு நாள், மூன்று நாள் லீவுக்கு, எளிய நோய்க்கு, பல பள்ளிகளும் தனியார் நிறுவனங்களும் ஏற்றுக்கொள்கின்றன. ஒரு வாரத்துக்கு மேல் என்றால் நேரில் போய்ப் பார்த்து வாங்குவதே பாதுகாப்பு. எதற்கும் முன்கூட்டியே பள்ளி அலுவலகத்திலோ எச்.ஆர். பிரிவிலோ "வீடியோவில் பார்த்த டாக்டரின் சான்று போதுமா?" என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நோய் வந்த பிறகு கேட்பதைவிட வேலையில் சேரும்போதே கேட்பது நல்லது.

எந்த நோய்க்கு வீடியோ போதும்?

டாக்டரின் கண்ணுக்குப் படுவதும், நாம் சொல்வதை வைத்துப் புரிந்துகொள்ளக் கூடியதுமான நோய்களுக்கு வீடியோ நன்றாகப் பொருந்தும். மெட்ராஸ் ஐ இதற்கு நல்ல உதாரணம். கண் சிவந்து பீளை தள்ளுவது திரையிலேயே தெரியும். ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார வைத்தால் பத்துப் பேருக்குத் தொற்றும். வீட்டிலிருந்தே காட்டி, மருந்தும் லீவுச் சான்றும் வாங்குவது எல்லோருக்கும் நல்லது. சின்னம்மையும் அப்படித்தான். கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து பொருக்கு தட்டும் வரை பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பக் கூடாது. சாதாரண சளிக் காய்ச்சல், ஒரு நாள் வயிற்றுப்போக்கு, பழகிய ஒற்றைத் தலைவலி போன்றவையும் இந்த வகையில் வரும்.

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வலிப்பு, கர்ப்பிணிக்கு ரத்தப் போக்கு, பிள்ளை சுருண்டு படுத்துச் சிறுநீர் போகாமல் இருப்பது போன்ற நிலைகளில் வீடியோவும் வேண்டாம், சான்றும் வேண்டாம். 108க்குப் போன் செய்யுங்கள். காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினால் டெங்குவா, டைபாய்டா என்று ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டியிருக்கும். அதற்கு நேரில் போயே ஆக வேண்டும்.

பெண்களுக்கு இந்த வழியில் ஒரு வசதி இருக்கிறது. பல சேவைகளில் பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்டுத் தேர்ந்தெடுக்கலாம். ஆண் டாக்டரிடம் சொல்லக் கூசி வாரக்கணக்கில் நோயை வைத்துக்கொண்டிருக்கும் சகோதரிகள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு இது பெரிய திறப்பு. பேசும்போது மஹ்ரமோ, வீட்டுப் பெண் யாராவதோ பக்கத்தில் இருக்கலாம். நோயின் பெயர் அலுவலகத்துக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்தால் அதை டாக்டரிடமே சொல்லுங்கள். எப்படி எழுதலாம் என்று அவர் முடிவு செய்வார். அந்தரங்கத்தை மறைப்பது பொய் அல்ல. இல்லாத நோயை எழுதச் சொல்வதுதான் பொய்.

செலவில்லாமல் பார்க்க மத்திய அரசின் இ-சஞ்சீவனி சேவை இருக்கிறது. 2020 ஏப்ரல் முதல் பொதுமக்கள் வீட்டிலிருந்தே பயன்படுத்தலாம். மொபைல் எண்ணைக் கொடுத்தால் ஓ.டி.பி. வரும். விவரங்களைப் பதிவு செய்து டோக்கன் வாங்கிக் காத்திருந்தால் டாக்டர் திரையில் வருவார். முடிந்ததும் மருந்துச் சீட்டு போனுக்கே வந்துவிடும். லீவுச் சான்று கிடைக்காவிட்டாலும்கூட, அன்றைய தேதியில் இந்த நோய்க்கு டாக்டரைப் பார்த்தோம் என்பதற்கு அந்தச் சீட்டே ஆதாரம். பிள்ளையின் டைரியில் லீவ் லெட்டர் எழுதி இதன் நகலை இணைத்தால் பல வகுப்பாசிரியர்களுக்கு அதுவே போதும்.

டாக்டரிடம் பேசும் முறையும் முக்கியம். நம்மில் பலர் கால் இணைந்ததுமே "டாக்டர், மூணு நாளைக்கு சர்டிபிகேட் வேணும்" என்று தொடங்குகிறோம். அப்போதே டாக்டருக்குச் சந்தேகம் வந்துவிடும். நோயைச் சொல்லுங்கள். "டாக்டர், நேத்து ராத்திரி எட்டு மணியிலேருந்து பையனுக்குக் காய்ச்சல். தெர்மாமீட்டர்ல 101 இருந்துச்சு. ரெண்டு தடவை வாந்தி எடுத்தான். ராத்திரி பாரசிட்டமால் சிரப் கொடுத்தோம். காலையில கஞ்சி கொஞ்சம் குடிச்சான்." இப்படித் தேதி, நேரம், அளவு சொன்னால் அவரால் முடிவெடுக்க முடியும். கடைசியில், "எத்தனை நாள் ஸ்கூலுக்கு அனுப்பாம இருக்கணும்? அதை எழுதித் தர முடியுமா?" என்று கேளுங்கள். நாள் எண்ணிக்கையைச் சொல்ல வேண்டியவர் அவர். ஒரு நாள் போதும் என்று அவர் சொன்னால் ஒரு நாள்தான். தர முடியாது என்று சொல்லவும் அவருக்கு உரிமை உண்டு. நாம் கொடுத்த கட்டணம் பார்த்ததற்கு; சான்றுக்கு அல்ல.

தேதி விஷயத்தில்தான் அதிகமானோர் சறுக்குகிறார்கள். திங்கட்கிழமை காய்ச்சலில் படுத்து, புதன்கிழமை டாக்டரிடம் பேசிவிட்டு, "திங்கள் தேதி போட்டுக் கொடுங்கள்" என்கிறார்கள். உண்மையிலேயே நோய் இருந்திருக்கலாம். ஆனாலும் திங்களன்று டாக்டர் அவரைப் பார்க்கவில்லையே. அவரால் எழுதக் கூடியது இவ்வளவுதான்: சான்றின் தேதி புதன், திங்கள் முதல் காய்ச்சல் இருந்ததாக நோயாளி சொல்கிறார், இன்று பார்த்ததில் இந்த நிலை. இது நேர்மையான சான்று, பெரும்பாலும் ஏற்கப்படவும் செய்யும். எளிய வழி, படுத்த அன்றே பேசிவிடுவது. வீடியோ வசதியின் உண்மையான பயனே அதில்தான் இருக்கிறது. எழுந்து நடக்க முடியாத நாளிலேயே சாட்சியை வீட்டுக்குள் கொண்டுவந்துவிடலாம்.

தபூக்கும் நம் லீவ் லெட்டரும்

வராமல் போனதற்குக் காரணம் சொல்வது பற்றி மார்க்கத்தில் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு, கடும் வெயில் காலத்தில், தபூக் பயணம் அறிவிக்கப்பட்டது. நபி (ஸல்) அவர்கள் மதீனா திரும்பியதும், பின்தங்கியவர்கள் எண்பதுக்கும் மேற்பட்டோர் வந்து ஆளுக்கொரு காரணம் சொல்லிச் சத்தியம் செய்தார்கள். நபி (ஸல்) அவர்கள் வெளிப்படையாகச் சொன்னதை ஏற்றுக்கொண்டு, உள்ளத்தில் இருப்பதை அல்லாஹ்விடம் விட்டுவிட்டார்கள். கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்களின் முறை வந்தது. அவர் கவிஞர், பேச்சுத் திறமை உள்ளவர். நல்ல காரணம் ஒன்றைக் கட்டிச் சொல்ல அவரால் முடியும். ஆனால் தனக்கு எந்தக் காரணமும் இல்லை, உடல் வலிமையும் வசதியும் அப்போது இருந்ததுபோல் என்றும் இருந்ததில்லை என்று உண்மையைச் சொல்லிவிட்டார். வெளியே வந்ததும் அவருடைய கூட்டத்தார், மற்றவர்களைப்போல நீயும் ஏதாவது காரணம் சொல்லியிருக்கலாமே என்று கடிந்துகொண்டார்கள். அவருக்கே ஒரு கணம் திரும்பிப் போய் மாற்றிச் சொல்லிவிடலாமா என்று தோன்றியதாம். அவரோடு முராரா (ரலி), ஹிலால் (ரலி) ஆகிய இருவரும் உண்மையைச் சொன்னவர்கள். ஐம்பது இரவுகள் யாரும் அவர்களோடு பேசவில்லை. பிறகு அவர்கள் மன்னிக்கப்பட்ட செய்தி சூரா அத்தவ்பாவில் இறங்கியது. கஅப் (ரலி) அவர்களே விரிவாகச் சொல்லும் இந்தச் சம்பவம் புகாரியில் இருக்கிறது.

"ஒரு காரணம் சொல்லியிருக்கலாமே" என்ற அந்தக் குரல் நம் வீடுகளில் இன்றும் கேட்கிறது. கல்யாணத்துக்குப் போக வேண்டுமா, மெடிக்கல் லீவ் போடு. பரீட்சைக்குப் படிக்கவில்லையா, டாக்டரிடம் ஒரு சீட்டு வாங்கு. மனதுக்கு வருத்தமாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்: உம்ராவுக்குப் போவதற்காக மெடிக்கல் லீவ் போடுகிறவர்களும் நம்மில் இருக்கிறார்கள். அல்லாஹ்வின் வீட்டுக்குப் போகும் பயணத்தை ஒரு பொய்ச் சான்றோடு தொடங்கலாமா? பொய் சாட்சியைப் பெரும் பாவங்களோடு சேர்த்துச் சொன்னபோது, சாய்ந்திருந்த நபி (ஸல்) அவர்கள் எழுந்து உட்கார்ந்து, தோழர்கள் 'நிறுத்திக்கொள்ள மாட்டார்களா' என்று எண்ணும் அளவுக்கு அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். இங்கே சாட்சி சொல்பவர் டாக்டர் என்றாலும், சொல்ல வைப்பவர்கள் நாம்.

அதே தபூக்கில் இன்னொரு பக்கமும் உண்டு. உண்மையிலேயே வர முடியாமல் மதீனாவில் தங்கியவர்கள், பயணத்தின் ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் உங்களோடு இருந்தவர்களைப் போன்றவர்களே என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். நோயாளி மீது குற்றமில்லை என்று குர்ஆன் அறிவிக்கிறது. ஆரோக்கியமாக இருந்தபோது செய்துவந்த நல்ல அமல்களின் கூலி நோயில் படுத்தவருக்கும் எழுதப்படுகிறது. இவ்வளவு கண்ணியமான சலுகை அது. எனவே உண்மையாக நோயுற்றவர் லீவு கேட்கக் கூச வேண்டியதில்லை. காய்ச்சலோடு தையல் மெஷினில் உட்காரும் சகோதரியிடம் இதைத்தான் சொல்கிறோம்.

பணம் கட்டினால் பத்து நிமிடத்தில்

பணத்தைக் கட்டு, எத்தனை நாள் வேண்டும் என்று நீயே தேர்ந்தெடு, பழைய தேதியும் போட்டுத் தருகிறோம் என்று விளம்பரம் செய்பவர்கள் இருக்கிறார்கள். டாக்டர் முகத்தைக் காட்டுவதில்லை, ஒரு கேள்வி கேட்பதில்லை. இது மருத்துவம் அல்ல, காகித வியாபாரம். டாக்டரின் பெயரையும் பதிவு எண்ணையும் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவேட்டிலோ, தேசிய மருத்துவ ஆணையத்தின் பதிவேட்டிலோ ஆன்லைனில் தேடிப் பார்க்கலாம். எச்.ஆர். பிரிவும் அதைத்தான் செய்யும். பிடிபட்டால் வேலை போவதோடு முடியாது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 336ஆம் பிரிவின்படி, ஏமாற்றும் நோக்கத்தோடு போலி ஆவணம் தயாரித்தால் 7 ஆண்டு வரை சிறை. போலி என்று தெரிந்தே அதைப் பயன்படுத்துபவருக்கும் 340ஆம் பிரிவின்படி அதே தண்டனைதான். போனில் எடிட் செய்து தேதியை மாற்றுவதும் இதில்தான் வரும். கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் இதை எடுத்துச் சொல்ல வேண்டும். வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போன பிறகுதான் அவர்கள் சான்று தேடுகிறார்கள். அந்த அவசரத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

பொய்ச் சான்று தேடுபவர்களில் பலருக்குத் தங்களுக்கு ஏற்கெனவே உள்ள லீவு உரிமை தெரியாது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ன்படி, கடையில் வேலை செய்பவருக்கு ஆண்டுக்கு நோய்க்காக 12 நாள் வரையும், நியாயமான வேறு காரணங்களுக்காக 12 நாள் வரையும் சம்பளத்தோடு லீவு உண்டு. ஓராண்டு தொடர்ந்து வேலை செய்த பிறகு இன்னும் 12 நாள். கல்யாணம், உம்ரா, ஊர்ப் பயணம் எல்லாவற்றுக்கும் இந்த மற்ற லீவுகள் இருக்கும்போது நோயைப் பொய்யாக இழுக்க வேண்டியதில்லையே. இதைக் கடை முதலாளிகளாக இருக்கும் நம் சகோதரர்களும் படிக்க வேண்டும். உண்மையைச் சொல்லி லீவு கேட்கும் பையனுக்குச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு, பொய்ச் சீட்டோடு வருபவனுக்கு லீவு கொடுத்தால், கடையில் இருக்கும் மற்றவர்களும் எதைக் கற்றுக்கொள்வார்கள்?

தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்குபவர்கள் அதில் வருவார்கள். ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது பணம் கட்டப்பட்டிருந்தால், அதற்குரிய பயன்காலத்தில் நோய் லீவுக்குச் சராசரி நாள் கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். ஆண்டுக்கு 91 நாள் வரை. முதல் இரண்டு நாளுக்குப் பொதுவாகக் கிடையாது. உதாரணமாக, நாள் கூலி 500 ரூபாய் உள்ளவர் 7 நாள் படுத்தால், 5 நாளுக்கு 350 வீதம் 1,750 ரூபாய் வரும். இந்தத் தொகையை வாங்கும் காலத்தில் நோயைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்கவும் முடியாது. ஆனால் இதற்கு ஈ.எஸ்.ஐ. மருந்தகத்திலோ, ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியிலோ வாங்கிய சான்றுதான் வழி. தனியார் ஆப்பில் 500 ரூபாய் கட்டி வாங்கிய சீட்டை அங்கே நீட்டிப் பயனில்லை. முதல் நாளே மருந்தகத்துக்குப் போய்விடுங்கள். நடக்க முடியாவிட்டால் யாராவது ஆட்டோவில் அழைத்துப் போங்கள். குணமானதும் வேலைக்குத் திரும்ப ஃபிட்னஸ் சர்டிபிகேட் தனியாக வாங்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

வீடியோவில் பார்த்த பிறகு மருந்துச் சீட்டு, கட்டண ரசீது, மெடிக்கல் ஷாப் பில், பரிசோதனை ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். சான்றை மட்டும் பார்த்து நம்பாதவர்களும் இந்த நாலு காகிதமும் ஒரே தேதியைச் சொன்னால் நம்புவார்கள். சீட்டு தொலைந்துவிட்டால் டாக்டரிடம் திரும்பக் கேட்கலாம். சிகிச்சைப் பதிவுகளை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று அதே 2002 விதிகள் சொல்கின்றன. போனில் இ-சஞ்சீவனி பதிவு செய்யத் தெரியாதவர்கள் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். செய்து தருகிறோம், இன்ஷா அல்லாஹ். ஓ.டி.பி. எண்ணை மட்டும் எங்களிடம்கூடச் சொல்ல வேண்டாம், நீங்களே அடியுங்கள்.